திறப்பு யாரிடம்?

கணினியின் பொத்தானை அழுத்தியதும் திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கும். பின்னர் அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் வரும். அதன் பிறகுதான் விண்டோஸோ வேறெதுவோ கண்ணுக்குத் தெரியும். அந்தக் கறுப்பு விநாடிகளைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நாங்கள் ஒரே பாடவேளையில் கடந்துவிட்டோம். பயோஸ் என்றால் என்ன, அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதத் தெரிந்தால் போதும் என்றிருந்தது. ஒரு கணினி உண்மையில் யாருடைய சொல்லைக் கேட்கும் என்பது தீர்மானமாவது அந்த விநாடிகளில்தான். இதை நான் அறிந்தது வகுப்பறையில் அல்ல, வாப்பாவின் பழைய இரும்புக் கடையில்.

எங்கள் வீடு கோப்பாயில் இருக்கிறது. பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு எடுத்த வளவு. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சுற்றிவரத் தோட்டங்கள் என்பதால் உடைந்த நீர்ப்பம்பிகளும் துருவேறிய குழாய்களும் நிறைக்கு வந்து சேரும். சில வருடங்களாக அவற்றோடு கணினிகளும் வருகின்றன. அலுவலகங்கள் கழித்துவிட்டவை, ரியூசன் நிலையங்கள் மாற்றியவை, வெளிநாட்டு உறவினர் அனுப்பி இங்கே தூசி பிடித்துக் கிடந்தவை. வாப்பாவின் கணக்கில் அவை தகரம், அலுமினியம், கொஞ்சம் செம்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை எதையும் உடைப்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஓடக்கூடியது என்றால் அதற்கு லினக்ஸ் போட்டு, படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இரும்பு விலையை விடச் சற்றுக் கூட்டிக் கொடுத்துவிடுவார்.

இந்த வரத்து இனிக் கூடத்தான் போகிறது. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதற்கு முந்திய கணினிகள் பழுதானவை அல்ல. புதியதை வாங்க வசதியுள்ளவர் அவற்றைக் கழிக்கிறார். வசதியில்லாத வீட்டில் அதையே இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம், வேறொரு பணிசெயல் முறைமை அதில் ஏறுமென்றால்.

அப்படி ஏறக்கூடியது லினக்ஸ். 1991 இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய கரு அது. இலவசமாகக் கிடைக்கும், பட்டியல்களைத் தமிழிலும் காட்டும். கேரளத்தின் அரச பாடசாலைகளில் கணினிப் பாடமே பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2011 இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் சேர்த்து பொஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். பொஸ் என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஒரே கணினியில் இரண்டும் இருந்தன, எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். அந்த ஆண்டைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து வந்த கணினிகளின் வாசலில் ஒரு புதுக் காவலாளி நின்றார்.

எங்கள் கடைக்கு முதலில் வந்தவை அதற்கு முந்திய காலத்து மேசைக் கணினிகள். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிச் செருகி, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் தொடங்கும். என் தம்பி படம் கீறுவது அப்படியொன்றில்தான். பிறகு விண்டோஸ் 8 ஒட்டி ஒட்டிய ஒரு மடிக்கணினி வந்தது. ஒரு சிறிய லினக்ஸைச் செருகினேன். சிவப்புச் சட்டத்துக்குள் ஓர் அறிவித்தல் வந்தது: கையொப்பம் செல்லுபடியாகாது, செக்கியூர் பூட் கொள்கையைப் பார்க்கவும். ‘பூட்’ என்பது ஆங்கிலத்தில் தொடங்குதல். எங்கள் காதுக்கு அது பூட்டு என்றே கேட்கிறது. கேட்பதிலும் பிழையில்லை.

இந்தப் பூட்டு ஏன் வந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1986 இல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ என்ற நச்சுநிரல், ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதலாவதாகக் கருதப்படுகிறது. அது நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டது. தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே எழுதினோம் என்றார்கள். உள்ளே தங்கள் கடை விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கூட எழுதி வைத்திருந்தார்கள். (இந்தக் காலத்தில் இப்படி விலாசம் எழுதி வைக்கும் நேர்மையான நச்சுநிரல்காரர் யாரும் இல்லை.) தொடக்கத்தில் உட்கார்ந்தவன் எல்லாவற்றுக்கும் முன்னே எழும்பிவிடுவான். பின்னால் வரும் பணிசெயல் முறைமைக்கோ அதன் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளுக்கோ அவன் காட்டுவதுதான் உலகம். 1999 ஏப்ரல் 26 ஆம் திகதி வெடித்த சிஐஎச் இன்னும் ஒரு படி இறங்கி, தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் சில்லையே அழித்தது. அந்தக் கணினிகள் பொத்தானை அழுத்தினாலும் விழிக்கவில்லை.

தாய்ப்பலகைச் சில்லில் நிரந்தரமாக இருக்கும் இந்த மென்பொருளை நிலைப்பொருள் என்கிறோம். பயோஸின் இடத்துக்கு இப்போது வந்திருப்பது யூ.ஈ.எஃப்.ஐ. செக்கியூர் பூட் அதன் ஒரு பகுதி. அது செய்யும் வேலையை எங்களுக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். உயர்தரப் பரீட்சைக்கு அனுமதி அட்டை வருகிறது அல்லவா? எமது கையொப்பத்தை அதிபர் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். மண்டப வாசலில் பார்க்கப்படுவது அதுதான். நாம் படித்திருக்கிறோமா என்பதல்ல. அப்படியே, பணிசெயல் முறைமையை ஏற்றி விடும் நிரல் வாசலுக்கு வந்ததும், அதன் மீதுள்ள இலக்கமுறைக் கையொப்பம் தன் பட்டியலில் உள்ள ஒருவருடையதா, கையொப்பமிட்ட பின் ஓர் எழுத்தாவது மாறியிருக்கிறதா என்று நிலைப்பொருள் பார்க்கும். அனுமதிப் பட்டியல் ஒன்று, தடைப் பட்டியல் ஒன்று. அந்தப் பட்டியல்களைத் திருத்துவதற்கு ஒரு திறப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, கணினியைத் தயாரித்த நிறுவனம் வைத்த தலைமைத் திறப்பு.

அப்படியானால் உறுதிப்படுத்தும் அதிபர் யார்? கடையில் விற்கும் அநேகமாக எல்லாக் கணினிகளிலும் அது மைக்ரோசொப்ட். 2012 இல் விண்டோஸ் 8 ஒட்டி வேண்டுமானால் செக்கியூர் பூட் இயங்கு நிலையில் இருக்க வேண்டும் என்று அந்நிறுவனம் விதித்தது. தயாரிப்பாளர்கள் மைக்ரோசொப்டின் திறப்புகளைச் சேர்த்தே விற்றார்கள். லினக்ஸ் செய்பவர்கள் என்ன செய்வது? உலகத்துக் கணினி நிறுவனங்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று எங்கள் திறப்பையும் சேருங்கள் என்று கெஞ்ச முடியாது. ஃபெடோராவுக்காக மத்தியூ கரெட் என்ற நிரலாளர் ஒரு வழி கண்டார். ‘ஷிம்’ என்ற மிகச் சிறிய நிரலை மட்டும் மைக்ரோசொப்டிடம் கையொப்பம் வாங்குவது. ஷிம் உள்ளே போனபின், தன் ஆட்களைத் தானே அடையாளம் கண்டு உள்ளே விடும். இதற்கான பதிவுக் கட்டணம் அப்போது 99 டொலராக இருந்தது. உபுண்டுவும் மற்றவைகளும் இதே வழிக்கு வந்தன. போட்டியாளரின் கையொப்பத்தோடு உள்ளே போவதா என்று அப்போது பலர் கொதித்தார்கள். எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் கரெட் அன்று வீம்பு பிடித்திருந்தால், கோப்பாயில் ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளை பென்டிரைவைச் செருகிய உடனே லினக்ஸ் தொடங்கியிருக்காது. நிலைப்பொருள் அமைப்புக்குள் போய் நோண்டத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது மிஞ்சியிருக்கும்.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2011 இலேயே ஒரு வேறுபாட்டைச் சொன்னது. உரிமையாளர் தன் விருப்பப்படி மாற்றக்கூடியதாயின் அது பாதுகாப்பு. மாற்ற முடியாததாயின் அது கட்டுப்பாடு. இரண்டும் நடந்தன. சாதாரணக் கணினிகளில், உரிமையாளர் செக்கியூர் பூட்டை நிறுத்தவும் சொந்தத் திறப்பைச் சேர்க்கவும் வழி இருக்க வேண்டும் என்று விண்டோஸ் 8 விதிகளில் இருந்தது. அதே காலத்தில் ஆர்ம் செயலியில் வந்த விண்டோஸ் ஆர்டி கருவிகளிலோ நிறுத்தவே கூடாது என்று இருந்தது. விண்டோஸ் 10 வந்தபோது, நிறுத்தும் வசதியைக் கொடுப்பதும் விடுவதும் தயாரிப்பாளரின் விருப்பம் என்றாகிவிட்டது. அநேகர் இன்னும் கொடுக்கிறார்கள். கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் போய்விட்டது.

பிள்ளைகளுக்கென்று செய்த எக்ஸ்ஓ மடிக்கணினி நினைவுக்கு வருகிறது. இலங்கையிலும் சில பாடசாலைகளுக்குக் கிடைத்தது அது. திருடர் எடுத்தால் பயன்படாமல் இருக்க வேண்டும் என்று கையொப்பமிட்ட முறைமையை மட்டுமே தொடங்கும்படி அதையும் பூட்டியிருந்தார்கள். ஆனால் அந்தக் கணினிக்குரிய பிள்ளை கேட்டால் பூட்டைத் திறக்கும் தனித் திறப்பு ஒன்றைக் கொடுக்க வழி வைத்திருந்தார்கள். கணினியைத் திறந்து பார்க்க ஆசைப்படும் பிள்ளையைத் திருடனாக நினைக்காத பூட்டு அது.

அந்த மடிக்கணினிக்கு வருகிறேன். கையொப்பமுள்ள உபுண்டுவைப் போட்டதும் காவலாளி வழிவிட்டார். ஆனால் வைஃபை வேலை செய்ய ஒரு புறம்பான இயக்கி நிரல் வேண்டியிருந்தது. அதற்குக் கையொப்பம் இல்லை. நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்டது. மீண்டும் தொடங்கியபோது நீல நிறத் திரை ஒன்று வந்து சில விநாடிகள் காத்திருந்தது. அதில் சேர்க்கவும் என்பதைத் தெரிந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அந்தக் கணினிக்குள்ளேயே உருவான ஒரு புதுத் திறப்பு பட்டியலில் சேர்ந்தது. அதனால் கையொப்பமிட்ட இயக்கி உள்ளே போனது. சூசே நிறுவனத்தார் முன்வைத்த யோசனை இது. இயந்திர உரிமையாளரின் திறப்பு என்பது அதன் பெயர். தூரத்திலிருக்கும் கள்ளனால் அந்த நீலத் திரையில் விசையை அழுத்த முடியாது. கணினிக்கு முன்னால் உடம்போடு உட்கார்ந்திருப்பவரையே அது உரிமையாளர் என்று நம்புகிறது.

திறப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் இலேசான சொல் அல்ல. உம்மம்மா சோனகதெரு வீட்டின் திறப்பை இன்னும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பூட்டிவிட்டுத்தான் போனார்கள். புத்தளத்து அகதி முகாமில் ஓலைக் குடிசைக்குக் கதவே இல்லாத காலத்திலும் அந்தத் திறப்பு முந்தானையில் முடிந்திருந்ததாம். வருடங்கள் கழித்து வந்து பார்த்தபோது சுவர் பாதி நின்றது; கதவும் இல்லை, கதவு நிலையும் இல்லை. “திறப்பு என்னட்டத்தான் இருந்திச்சு மகள், வீடு என்னட்ட இருக்கல்ல” என்பார். நான் கணினித் திறப்பு பற்றி அவருக்கு விளக்கியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “உள்ளுக்கு இருக்கிறவருக்குத் தெரியாம வெளிய இருக்கிறவரு பூட்ட மாத்தலாமா?”

மாற்றலாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு நியாயமும் உண்டு. 2023 இல் ‘பிளக் லோட்டஸ்’ என்ற தீநிரலை ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அது பூட்டை உடைக்கவில்லை. மைக்ரோசொப்ட் முன்பு முறையாகக் கையொப்பமிட்ட, ஆனால் குறையுள்ள ஒரு பழைய நிரலைக் கொண்டுவந்து காட்டி உள்ளே போனது. பழைய அனுமதி அட்டை செல்லாது என்று யாரும் இன்னும் பட்டியலில் எழுதவில்லை. எனவே தடைப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கத்தான் வேண்டும். ஆனால் 2024 ஓகஸ்டில் அப்படி வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருந்த பல கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்துவிட்டது. இரட்டை முறைமை உள்ள கணினிகளுக்கு அது போகாது என்று முதலில் சொல்லப்பட்டிருந்தது. இரவு படித்துவிட்டு மூடிய கணினி, காலையில் ‘ஏதோ பெரும் பிழை நடந்துவிட்டது’ என்று எழுதிவிட்டு அணைந்துபோனது. உரிமையாளரை யாரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு யூலையில் வெளிவந்த செய்தி இன்னும் வேடிக்கை. நிலைப்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்று மாதிரிக்காகத் தந்த பரிசோதனைத் தலைமைத் திறப்பை, பல தயாரிப்பாளர்கள் மாற்றாமல் அப்படியே விற்பனைக் கணினிகளில் விட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான மாதிரிகள். திறப்பின் பெயரிலேயே ‘நம்ப வேண்டாம்’ என்று எழுதியிருந்தது! அதன் இரகசியப் பகுதியும் வெளியே கசிந்திருந்தது. எங்களைப் போன்றவர்கள் தங்கள் கணினியில் கைவைத்தால் பாதுகாப்புக் கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இவ்வளவும் வாசித்த பிறகும் நான் பூட்டுக்கு எதிரி அல்ல. லினக்ஸ் போட வேண்டுமா, செக்கியூர் பூட்டை நிறுத்து என்று எல்லாரும் இலேசாகச் சொல்லிவிடுகிறார்கள். சிறிய லினக்ஸ்களுக்குச் சில வேளை அதுதான் வழி. ஆனால் ரியூசன் நிலையத்துக் கணினிகளில் எத்தனை பென்டிரைவ்கள் போய் வருகின்றன என்பதை நாம் அறிவோம். கதவு இறுகுகிறது என்பதற்காக யாரும் கதவைக் கழற்றி எறிவதில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு கணினியில். ஓர் அலுவலகம் கழித்த தொகுதியோடு வந்தது; நல்ல திரை, 8 ஜிபி நினைவகம், விசைப்பலகையில் ஓர் எழுத்துக்கூடத் தேயவில்லை. தரவுகளுக்காக வன்தட்டை எடுத்துவிட்டிருந்தார்கள், அது சரியே. ஆனால் நிலைப்பொருளுக்குக் கடவுச்சொல் போட்டு, வெளியிலிருந்து எதையும் தொடங்க முடியாதபடி தடுத்திருந்தார்கள். மேசைக் கணினியாயின் தாய்ப்பலகையில் நாணயம் போலிருக்கும் பற்றறியைக் கழற்றியோ, இரண்டு முனைகளை இணைத்தோ அநேகமாக அழித்துவிடலாம். இந்த வகை மடிக்கணினிகளில் கடவுச்சொல் வேறொரு சில்லில் இருக்கும். பற்றறியைக் கழற்றினாலும் போகாது. தயாரித்த நிறுவனத்தைக் கேட்டால் வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்கும். நிறைக்கு வாங்கிய இரும்புக்குப் பற்றுச்சீட்டு ஏது?

வாப்பா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மறுபக்கத்தில் இருந்தவர் அன்பாகத்தான் பேசினார். “அதைப் போட்ட தம்பி கொழும்புக்கு மாற்றலாகிப் போட்டார் நானா. இங்க ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் உடைக்கிற சாமான்தானே?”

பூட்டின் மேல் குற்றமில்லை. என் கணினி களவு போனால் அது கள்ளனுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் விரும்புவேன். வீட்டை விற்றவர் திறப்பைக் கொடுக்காமல் போனதுதான் குற்றம். திரையையும் நினைவகத்தையும் கழற்றி எடுத்தேன். மிச்சம் தராசில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. உயர்தரத்துக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் போதுமாயிருந்த கணினி அது. இப்போதெல்லாம் அலுவலகத் தொகுதி என்றால் வாப்பா விலை பேசுமுன் முதலில் கேட்பது, “பாஸ்வேட் எடுத்தாச்சா?” என்றுதான். எடுத்துத் தந்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித் தருவதாகவும் சொல்கிறார். தோழிகளே, உங்கள் வீட்டிலோ உறவினர் அலுவலகத்திலோ கணினி ஒன்றைக் கழிக்கும்போது இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். கடவுச்சொல்லை நீக்க ஒரு நிமிடம் செல்லும்.

இனி ஒரு திகதி. 2011 இல் மைக்ரோசொப்ட் உருவாக்கிய செக்கியூர் பூட் சான்றிதழ்களின் ஆயுள் 2026 யூன் தொடக்கம் ஒவ்வொன்றாக முடிகிறது. அன்று கணினிகள் நின்றுவிடப் போவதில்லை. ஏற்கனவே கையொப்பமிட்டவை தொடர்ந்து தொடங்கும். ஆனால் இனிவரும் லினக்ஸ்களின் ஷிம்மில் 2023 ஆம் ஆண்டுச் சான்றிதழின் கையொப்பமே இருக்கும். அதைப் பழைய கணினி அடையாளம் காண வேண்டுமாயின் அதன் பட்டியலில் புதுச் சான்றிதழ் ஏற வேண்டும். புதிய கணினிகளுக்கு அது புதுப்பிப்போடு வந்துவிடும். எங்கள் விண்டோஸ் 8 ஒட்டிக் கணினியின் மாதிரி இலக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அதன் நிலைப்பொருளைத் தயாரிப்பாளர் புதுப்பித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இன்னொரு வழி இருக்கிறது. அந்தக் கணினியின் அமைப்புப் பக்கத்தில் பழைய தலைமைத் திறப்பை நீக்கிவிட்டு, நானே ஒரு திறப்பை உருவாக்கி ஏற்றலாம். மைக்ரோசொப்டின் புதுச் சான்றிதழையும் லினக்ஸையும் பட்டியலில் நானே சேர்க்கலாம். எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக நீக்கினால் சில கணினிகளில் திரைக்குரிய நிரல்கூடக் கையொப்பம் போதாமல் நின்றுவிடும் என்பதால், இருப்பவற்றை முதலில் பென்டிரைவில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். செய்முறையை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதியும் வைத்தாயிற்று. அரைநாள் வேலை. பரீட்சை முடியும்வரை அந்தக் கணினிக்குக் கிட்டப் போகக்கூடாது என்று உம்மா சொல்லிவிட்டார். அதை வைத்திருக்கும் அலுமாரியின் திறப்பு இப்போது அவரிடம்தான் இருக்கிறது.